நம்ம பிள்ளைகளுக்கு நாமே ஹூவா?

போத்தல் எறிந்தவனைத்தான் கேட்கிறேன். 2017 ஓகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை இரவு. பல்லேகலை மைதானம். இந்தியா வெல்வதற்கு இன்னும் எட்டே எட்டு ஓட்டங்கள். அந்த நேரத்தில் கையை ஓங்கி எறிந்தாயே ஒரு தண்ணீர்ப் போத்தல், அது யாருக்கு? ரோகித் சர்மாவுக்கா? அவர் 122 ஓட்டங்களுடன் மைதானத்தின் நடுவில் நின்றார், உன் போத்தல் அவர் பக்கம் கூடப் போகவில்லை. எல்லைக் கோட்டோரம் நின்றவன் நம்ம பிள்ளை. இலங்கை என்று நெஞ்சில் எழுதிய சட்டை போட்டவன். அவன் காலடியில்தான் விழுந்தது.

வருடங்கள் போய்விட்டன, எனக்கு ஆறவில்லை. ஆறவிடவும் மாட்டேன்கிறார்கள். அதற்குப் பிறகு இலங்கை தோற்ற ஒவ்வொரு முறையும் அதே ஹூ, அதே கெட்ட வார்த்தை, அதே "வீட்டுக்குப் போங்கடா". கையில் போத்தல் இல்லாதவன் போனில் எறிகிறான். வத்தேகம டவுனில் தேநீர்க்கடை வாசலில் நின்று கேட்டால் தெரியும். முந்தின நாள் அடித்துத் துவைத்த பையனைத் தலையில் தூக்கி வைப்பார்கள், மறுநாள் அவன் பூச்சியத்துக்கு ஆட்டமிழந்தால் அவன் தாயையும் சேர்த்து இழுப்பார்கள். கேட்டால் அன்பினால்தான் திட்டுகிறோம் என்கிறார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வருடம் இந்தியா வந்து டெஸ்ட் தொடரை 3-0 என்று எடுத்துக்கொண்டது. மூன்றாவது டெஸ்ட்டும் இதே பல்லேகலையில்தான், இன்னிங்ஸ் தோல்வி. பிறகு தம்புள்ளையில் முதல் ஒருநாள் போட்டி. ஒரு விக்கெட்டுக்கு 139 என்று நன்றாக நின்ற அணி 216க்குச் சுருண்டது. அன்று இரவே அணியின் பஸ்ஸை மறித்துக் கத்தினார்கள். குமார் சங்கக்கார கண்டியில் படித்து வளர்ந்தவர், நாம் கண்ட பெரிய துடுப்பாட்ட வீரர்களில் ஒருவர். அவரே முன்வந்து ரசிகர்களிடம் மன்றாடினார், இந்தப் பிள்ளைகளைக் கைவிடாதீர்கள் என்று. யார் கேட்டார்கள்?

இரண்டாவது போட்டி பல்லேகலையில், ஓகஸ்ட் 24, வியாழக்கிழமை. அகில தனஞ்சயவுக்கு முந்தின நாள்தான் கல்யாணம். மணக்கோலம் கலைந்தும் கலையாமலும் மைதானத்துக்கு வந்து நின்றான். 54 ஓட்டங்களைக் கொடுத்து 6 விக்கெட். ரோகித், கோலி, ராகுல், பாண்டியா என்று வரிசையாகப் போனார்கள். 131க்கு ஏழு விக்கெட் இந்தியாவுக்கு! அந்த இரவு பப்பரே வாத்தியத்தின் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. தோனியும் புவனேஷ்வர் குமாரும் நின்று ஆட்டத்தைப் பறித்துக்கொண்டார்கள், அது வேறு கதை. மூன்றே விக்கெட் வித்தியாசத்தில் தோற்ற அணி அது. சோம்பேறிகளின் அணி இல்லை.

மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. இலங்கை 217 ஓட்டங்கள்தான் எடுத்தது, பும்ரா ஐந்து விக்கெட் எடுத்தார், திரிமான்ன 80 அடித்தார். ஆனால் இந்தியா 61க்கு நான்கு விக்கெட்டை இழந்தபோது புல்மேட்டில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. ரோகித்தும் தோனியும் சேர்ந்து நிலைத்த பிறகுதான் சத்தம் மெல்ல மெல்ல நிறம் மாறியது. முதலில் பப்பரே ஓய்ந்தது. பிறகு அங்கொன்று இங்கொன்றாக ஹூ. ஒரு பந்து கால்களுக்கு நடுவே போனதும் பெரிய ஹூ. நான்கு ஓட்டம் போனால் கைதட்டல், நம் பந்துவீச்சாளனை அவமானப்படுத்துவதற்கென்றே தட்டிய கைதட்டல். அப்புறம் போத்தல்கள்.

35 நிமிடம் ஆட்டம் நின்றது. வீரர்கள் எல்லாரும் நடுவில் போய்க் கூடினார்கள். தோனி என்ன செய்தார் தெரியுமா? ஆடுகளத்துக்குப் பக்கத்தில் புல்லில் அப்படியே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் படத்தை உலகம் முழுக்கப் பார்த்தது. இந்தியாவில் அதைப் போட்டுச் சிரித்தார்கள், அமைதியான மனிதர் என்று பாராட்டினார்கள். நான் அந்தப் படத்தில் பார்ப்பது வேறு. வெளிநாட்டு வீரன் ஒருவன் நம் மண்ணில் நிம்மதியாகப் படுத்துக்கிடக்கிறான், நம் சொந்த வீரர்கள் பதினொரு பேர் தலைகுனிந்து நிற்கிறார்கள். யாருக்குப் பயந்து? நமக்குப் பயந்து.

பொலிஸார் வந்து குழப்பம் நடந்த பகுதியிலிருந்து ஆட்களை வெளியேற்றினார்கள். எறிந்தவனும் எழும்ப வேண்டும், எறியாதவனும் எழும்ப வேண்டும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இருட்டில் யார் கை எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் வயிற்றெரிச்சல் எறிந்தவன் மேல்தான். எனக்குப் பக்கத்தில் பன்வில பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அப்பாவும் மகனும் இருந்தார்கள். அந்த வருடம் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. அதில் மிச்சம் பிடித்து டிக்கெட், பஸ் காசு, பையனுக்கு ஒரு கொடி, ஒரு சோளம். பையன் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அப்பா, மெச் முடியலியே, ஏன் போறோம்?" என்றான். அந்த மனுசன் பதில் சொல்லவில்லை. எட்டு ஓட்டம்தான் மிச்சம், தோல்வி நிச்சயம், அதுவும் பையனுக்குத் தெரியும். ஆனாலும் முடியும்வரை இருக்கத்தான் அவன் வந்தான். அந்த உரிமையைப் பறித்தது யார்?

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தியாவுடன் போட்டி என்றால் மலையகத் தமிழர்களான எங்களிடம் ஒரு கேள்வி வரும். டிக்கெட் வரிசையில் வரும், பஸ்ஸில் வரும், வேலைத்தளத்தில் வரும். "நீங்க இந்தியாதானே?" சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். 1948இல் ஒரு சட்டம் போட்டு என் தாத்தாவை இந்த நாட்டுக்காரன் இல்லை என்றார்கள். அவர் நட்ட தேயிலையில் என் அம்மா கொழுந்து எடுத்தாள். அந்த அம்மா பெற்ற நான் இலங்கை அணிக்காகத் தொண்டை கட்டக் கத்தினாலும், ஒவ்வொரு இந்தியப் போட்டிக்கும் புதிதாகச் சாட்சி சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்தியாவுக்குக் கைதட்டும் பையன்கள் இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறார்கள். சுவரில் தோனி படம் ஒட்டியிருக்கிறார்கள். ஏன் ஒட்டினார்கள் என்று கேட்கப் புறப்பட்டால் கிரிக்கெட்டைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டியிருக்கும். ஆனால் அன்றிரவு விசுவாசத்தைச் சந்தேகிக்கப்பட்ட நாங்கள் வாயை மூடிக்கொண்டு, நெஞ்சு கனக்க, கடைசிப் பந்துக்காகக் காத்திருந்தோம். நாட்டுப்பற்றுக்கு யாரும் சாட்சி கேட்காத ஒருவன்தான் நம் அணியின் மேல் போத்தல் எறிந்தான். அவன் என்ன மொழி பேசினான் என்பது எனக்கு முக்கியமில்லை. எந்த மொழி பேசுகிறவனும் எறிந்திருப்பான், எறியாமல் இருந்தவர்களிலும் எல்லா மொழிக்காரரும் இருந்தார்கள். விசுவாசத்தை அளக்க வேறு கோல் எடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வத்தேகமவிலிருந்து நத்தரம்பொத்தை எவ்வளவு தூரம்? பக்கம்தான். அங்கே பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைதான் முத்தையா முரளிதரன். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலையை எரித்தார்கள், அப்போது அவருக்கு ஐந்து வயது. அந்தப் பிள்ளை வளர்ந்து இந்த நாட்டின் தொப்பியைப் போட்டுக்கொண்டு 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தது. இடையில் என்னென்ன பட்டார்? 1995 டிசெம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு தடவை நோ போல் கொடுத்தார். அன்றிலிருந்து அவுஸ்திரேலியாவில் அவர் ஓடிவரும்போதெல்லாம் கூட்டம் சேர்ந்து "நோ போல்" என்று கத்தியது. 2004இல் அந்நாட்டுப் பிரதமர் ஜோன் ஹோவர்டே அவரைப் பந்தை எறிகிறவர் என்று சொன்னார். அந்த வருட அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு முரளி போகவில்லை. எதற்கும் சிரிக்கும் மனிதர் அவர். அவருக்கே கூட்டத்தின் குரல் அவ்வளவு பாரம்.

ஆனால் அவருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று பாருங்கள். 1999 ஜனவரி 23, அடிலெயிட். நடுவர் ரோஸ் எமர்சன் மறுபடியும் நோ போல் சொன்னார். அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டி வாதாடி, அணியையே எல்லைக் கோடு வரை கூட்டிக்கொண்டு போனார். என் பையனை அவமானப்படுத்தினால் ஆட்டமே வேண்டாம் என்று நின்றார். அன்று இங்கிலாந்து எடுத்தது 302. இலங்கை அதைத் துரத்தி ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது, மஹேல ஜயவர்தன 120 அடித்தார். கொழும்பிலும் காலியிலும் கண்டியிலும் தெருத்தெருவாக ஜனங்கள் முரளி பக்கம் நின்றார்கள். அடுத்தவன் ஹூ போட்டபோது நாடு அவரைத் தூக்கிப் பிடித்தது. அஸ்கிரிய மைதானத்தில் அவரது சொந்த ஊர்க்காரர்களே "நோ போல்" என்று கத்தியிருந்தால் 800 வந்திருக்குமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

"ஹூ போட்டால் ரோசம் வரும், அடுத்த மெச் ஒழுங்காக விளையாடுவான்கள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. ரோசம் வந்ததா என்று பார்ப்போம். போத்தல் எறிந்து நான்கு நாள் கழித்து, ஓகஸ்ட் 31, கொழும்பில் நான்காவது போட்டி. இந்தியா 375. இலங்கை 207. ஐந்தாவதும் தோல்வி. இருபதுக்கு 20 போட்டியும் தோல்வி. டெஸ்ட் மூன்று, ஒருநாள் ஐந்து, இருபதுக்கு 20 ஒன்று, ஒன்பதில் ஒன்பதையும் சொந்த மண்ணில் இழந்தோம். தெரிவுக்குழு பதவி விலகியது, அதுதான் கிடைத்த ஒரே பலன். தெரிவுக்குழு போனதால் அணி எழும்பியதா? இல்லை.

அணி எங்கே எழும்பியது தெரியுமா? அபுதாபியில். ஒரு மாதம் கூட முழுசாக ஆகாத நிலையில், இந்தியாவிடம் டெஸ்ட் தொடரை இழந்த அதே தினேஷ் சந்திமால், அதே திமுத் கருணாரத்ன, அதே ரங்கன ஹேரத். பாகிஸ்தான் ஐக்கிய அரபு இராச்சியத்தைத் தன் இல்லமாக்கிக்கொண்ட பிறகு அங்கே ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழந்திருக்கவில்லை. அபுதாபியில் அவர்களுக்கு வெற்றி இலக்கு வெறும் 136. ஹேரத் ஆறு விக்கெட் எடுத்தார், 114க்கு முடிந்தது கதை. துபாயில் கருணாரத்ன 196 அடித்தார். தொடர் 2-0 என்று நமக்கு. அந்த அரங்குகளில் கதிரைகள்தான் அதிகம், ஆட்கள் இல்லை. ஹூ போட நம்மவர்களும் இல்லை. பின்னால் வந்த ஒருநாள் தொடரை 5-0 என்று தோற்றார்கள், அதையும் ஒளிக்கவில்லை. ஆனால் நாம் வீட்டுக்குப் போகச் சொன்ன பிள்ளைகளுக்குள்ளே என்ன இருந்தது என்பதை வெறும் கதிரைகள் முன்னால்தான் அவர்கள் காட்ட முடிந்தது. இதைவிட அவமானம் ஒரு ரசிகனுக்கு உண்டா?

2019 பெப்ரவரியில் டர்பனில் குசல் ஜனித் பெரேரா விளையாடிய ஆட்டத்தை உலகம் இன்னும் பேசுகிறது. இலக்கு 304. ஒன்பது விக்கெட் போய்விட்டது, இன்னும் 78 வேண்டும். கடைசி ஆள் விஷ்வ பெர்னாண்டோ 27 பந்துகளைத் தாங்கி ஆறே ஓட்டங்கள் எடுத்து நின்றான், குசல் 153 அடித்து முடித்தான். அதுவும் ஊரை விட்டு வெகுதூரத்தில். அந்தப் பயணத்துக்கு முன்னால் அந்த அணியை நாம் என்ன பேச்சுப் பேசினோம்!

பக்கத்து நாட்டிலும் இதே கதைதான். 2024 ஐ.பி.எல். தொடருக்காக ரோகித்திடமிருந்து தலைமையை எடுத்து ஹர்திக் பாண்டியாவுக்குக் கொடுத்தது மும்பை நிர்வாகம். கொடுத்தது நிர்வாகம், ஹூ வாங்கியது பாண்டியா. சொந்த மைதானம் வான்கடேயில், நாணயச் சுழற்சிக்கு வந்து நிற்கும்போதே ஹூ. பத்து அணிகளில் மும்பை பத்தாவது. 14 போட்டிகளில் நான்கு வெற்றி. ஹூ போட்டவர்கள் தங்கள் அணிக்குச் செய்த உபகாரம் அதுதான். அதே மனிதன் ஜூன் 29 அன்று பார்படோஸில் இருபதுக்கு 20 உலகக் கிண்ண இறுதிப் போட்டியின் கடைசி ஓவரைப் போட்டான். 16 ஓட்டங்களைக் காக்க வேண்டும், முதல் பந்திலேயே எதிரணியின் மில்லர் போனார், இந்தியா ஏழு ஓட்டங்களால் வென்றது. அழுதுவிட்டான் அந்தப் பையன், மைதானத்திலேயே. சில நாள் கழித்து அதே வான்கடே அவன் பெயரைச் சொல்லி ஆரவாரித்தது. ஆரவாரித்தவர்களில் எத்தனை பேர் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள்?

கூட்டத்தின் குரல் வெறும் காற்று இல்லை. 2020இல் கொரோனாக் காலத்தில் ஜேர்மனியில் காலி அரங்குகளில் உதைபந்தாட்டம் நடந்தபோது, சொந்த ஊரில் விளையாடும் அணிகளின் வெற்றி குறைந்துபோனது. தன் ஜனத்தின் சத்தம் ஒருவனைத் தூக்கிவிடுகிறது என்றால், அதே சத்தம் அவனை அமுக்கவும் செய்யும்தானே?

எனக்கு இதைச் சொல்ல ஜேர்மனி தேவையில்லை. என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். வத்தேகமவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் தீபாவளிக்கு மென்பந்துப் போட்டி வைப்பார்கள், மேட்டு லயம் ஒரு அணி, பள்ளத்து லயம் ஒரு அணி. பிரட்டுக்களம்தான் மைதானம். ஒரு பக்கம் கான், மறு பக்கம் தேயிலை, பந்து தேயிலைக்குள் போனால் நான்கு. பையன் நல்ல களத்தடுப்பாளன், கால் மின்னல் மாதிரி. அன்று ஒரு சுலபமான பிடி, கையில் விழுந்து தெறித்துவிட்டது. எதிர் லயத்துக்காரர்கள் சிரித்தார்கள், அது விளையாட்டில் உள்ளது. ஆனால் அவன் சொந்த லயத்து ஆட்கள், அவனைத் தூக்கி வளர்த்தவர்கள், "டேய், உனக்குப் பந்தா பிடிக்கத் தெரியும்? போய்க் கொழுந்துக் கூடையைப் பிடிடா" என்று கத்தினார்கள். ஒருவன் ஆரம்பிக்க, பத்துப் பேர் ஹூ. பெண்கள் கூடச் சிரித்தார்கள். அவன் காதுமடல் சிவந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். அடுத்த ஓவரில் இன்னொரு பந்து உயர எழும்பியது, அவனுக்கு நேராக. இரண்டு அடி முன்னால் வந்தான். நின்றுவிட்டான். பந்து அவனுக்கு முன்னால் தரையில் விழுந்து உருண்டது.

அன்று சாயந்தரம் கானோரம் தனியாக உட்கார்ந்திருந்தவனிடம் கேட்டேன், ஏன் தம்பி ஓடல என்று. "பந்து நல்லா தெரிஞ்சிச்சு மாமா. மறுபடி விட்டா திரும்பக் கத்துவாங்கன்னு கை வரல." அவ்வளவுதான் சொன்னான். அடுத்த வருடம் அவன் பெயர் கொடுக்கவில்லை. இப்போது கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். பந்தைத் தொடுவதில்லை. தேசிய அணிக்குப் போயிருப்பான் என்று நான் பீற்றிக்கொள்ளவில்லை. தீபாவளிக்குப் பிரட்டுக்களத்தில் ஒரு பையன் சந்தோசமாக ஓடியிருப்பான், அதைக் கெடுத்தார்களே! பல்லேகலையில் எல்லைக் கோட்டில் நின்ற பிள்ளைக்கும் உள்ளங்கை வியர்த்துத்தானே இருக்கும்? அவனுக்கு என்ன, இரும்பாலா கை?

"காசு கொடுத்து வந்தோம், கேட்க எங்களுக்கு உரிமையில்லையா?" உண்டு. முழு உரிமை உண்டு. அந்தத் தெரிவு சரியில்லை, இந்தத் துடுப்பாட்ட வரிசை சரியில்லை, உடற்தகுதி போதாது என்று பத்திரிகையில் எழுதுங்கள், வானொலியில் பேசுங்கள், டிக்கெட் வாங்காமல் வீட்டில் இருங்கள். காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்கிறவனை உள்ளே போடுங்கள், அதற்கு 2019இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் தோற்பது குற்றமா? முயன்று தோற்றவனுக்கும் முயலாதவனுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கா நாம் ஆட்டம் பார்த்துப் பழகியிருக்கிறோம்? கூலிக்கு ஆள் பிடித்தவன் மாதிரி, காசு கொடுத்தேன் என்று சாட்டையை எடுப்பதற்குப் பெயர் ரசிகனா? தோட்டத்தில் பிறந்தவன் நான். காசு கொடுக்கிறேன் என்று சொல்லி மனுசனைக் கேவலமாகப் பேசுகிறவர்களை எங்கள் சனம் நிறையப் பார்த்திருக்கிறது.

கோபத்துக்குச் சரியான வாசல் ஒன்று இருக்கிறது. 2023 செப்டெம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி, கொழும்பு. 50 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். நவம்பர் 2, மும்பை, உலகக் கிண்ணம். 55. அப்போது சிலர் கொழும்பில் இலங்கை கிரிக்கெட் தலைமையகத்தின் முன்னால் போய் நின்று கேள்வி கேட்டார்கள். எனக்கு அது பிடித்தது. பையன்களை விட்டுவிட்டு, பையன்களைத் தெரிவு செய்கிறவர்களையும் காசைக் கையாளுகிறவர்களையும் கேட்டார்கள். பிறகு நடந்ததுதான் கொடுமை. அமைச்சர் நிர்வாகத்தைக் கலைத்தார், நீதிமன்றம் தலையிட்டது, நவம்பர் 10 அன்று சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையையே இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. மேலே இருப்பவர்கள் இழுபறிப்பட்டார்கள், தண்டனை பள்ளிக்கூடப் பையன்களுக்கு. சொந்த மண்ணில் உலகக் கிண்ணம் விளையாடியிருக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள். அதற்காக எத்தனை பேர் ஹூ போட்டார்கள்? பெரிய மனுசர்கள் குளிரூட்டிய அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், போத்தல் அங்கே எட்டாது. எட்டுகிற தூரத்தில் இருப்பவன் மேல் எறிகிறார்கள்.

1996 மார்ச் 13 நினைவிருக்கிறதா? கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், உலகக் கிண்ண அரையிறுதி. நாம் 251. இந்தியா 120க்கு எட்டு. போத்தல் பறந்தது, அரங்கில் நெருப்பு வைத்தார்கள், போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை நிறுத்தி வெற்றியை நமக்குத் தந்தார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார். அன்று இந்த மலைநாடு முழுக்க, தொலைக்காட்சி இருந்த ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? "நம்ம ஆட்கள் இப்படிச் செய்யமாட்டார்கள்." என் காதால் கேட்டேன். சிங்களத்திலும் கேட்டேன், தமிழிலும் கேட்டேன். 21 வருடத்தில் அந்த வார்த்தையை நாமே மிதித்தோம்.

அதே இந்தியாவில் இன்னொரு கூட்டமும் இருந்தது. 1999 ஜனவரி 31, சென்னை சேப்பாக்கம். டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்து, வெற்றிக்குப் பக்கத்தில் வந்து ஆட்டமிழந்தார். பாகிஸ்தான் 12 ஓட்டங்களால் வென்றது. பாகிஸ்தானிடம் தோற்ற அந்த நிமிடத்தில் சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது. வென்றவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். இன்றைக்கும் அந்த ஜனத்தின் பேர் நிற்கிறது. நம் பல்லேகலைக்கும் ஒரு பேர் நிற்கிறது, தோனி படுத்திருந்த படத்தோடு சேர்ந்து. லசித் மாலிங்க 2019 செப்டெம்பரில் நான்கு பந்துகளில் நான்கு நியூசிலாந்து விக்கெட்டுகளைச் சாய்த்த மைதானமும் அதுதான். அன்று புல்மேட்டில் எழுந்த சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்தச் சத்தம் போடத் தெரிந்த ஜனம்தானே நாம்?

2022ஐயும் யோசியுங்கள். பெற்றோலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் வரிசை, பால்மா இல்லை, இரவில் கரண்ட் இல்லை. அந்த செப்டெம்பரில், தசுன் ஷானக்கவின் அணி துபாயில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று ஆசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அந்தத் தொடரின் முதல் போட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 105க்குச் சுருண்டவர்கள் அவர்கள். அன்றே பலர் கழுவி ஊற்றிவிட்டார்கள். ஆனால் பசியோடு வரிசையில் நின்ற இந்த நாட்டுக்குச் சிரிக்க ஒரு காரணம் கொடுத்தது அந்தப் பிள்ளைகள்தான்.

ஆகவே உங்களிடம்தான் கேட்கிறேன். கண்டி, திகன, மடவளை, பன்வில, மாத்தளை என்று எங்கிருந்து வந்தாலும் சரி, எந்த மொழி பேசினாலும் சரி. அடுத்த தடவை பல்லேகலையில் இலங்கை தோற்றுக்கொண்டிருக்கும்போது உங்கள் பக்கத்தில் ஒருவன் போத்தலைத் தூக்கினால், அவன் கையைப் பிடியுங்கள். அண்ணே, அங்கே நிற்பது நம்ம பிள்ளை என்று சொல்லுங்கள். அவன் கேட்காவிட்டால் மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பன்வில பக்கத்திலிருந்து வரும் அந்தத் தகப்பனும் மகனும் கடைசிப் பந்து வரைக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.